நூறு லிட்டர் கடல்: ஒரு சாமான் பட்டியலின் வரலாறு

விழுப்புரம் மாவட்டத்துக்கு வெளியே வானூர் என்ற பெயரைத் தெரிந்து வைத்திருப்பவர் பெரும்பாலும் ஆரோவில்லுக்கு வந்துபோனவராக இருப்பார். இல்லையென்றால் புவியியல் படித்தவராக இருப்பார். ஆரோவில்லின் பெரும்பகுதி வானூர் வட்டத்துக்குள் இருப்பதால் முதல் காரணம் புரிந்துவிடும். இரண்டாவது காரணம் கொஞ்சம் பழையது. ‘வானூர் மணற்கல்’ என்று ஒரு பாறை அடுக்குக்குப் பெயர் உண்டு. ஒட்டை, கடப்பேரிக்குப்பம், துருவை என்று அக்கம்பக்கத்துக் கிராமங்களின் பெயர்களும் பாறை அடுக்குகளின் பெயர்களாக ஆய்விதழ்களில் வருகின்றன. இவையெல்லாம் சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கிடந்த ஒரு கடலின் அடித்தரை. அம்மோனைட்டு, நாட்டிலஸ், விதவிதமான சிப்பிகள் எல்லாம் அந்தத் தரையில் அடங்கிக் கல்லாகிவிட்டன.

வெளியூர்க்காரர்கள் பார்க்க வருவது திருவக்கரை கல்மரங்களை. அவை ஆற்றோடு வந்து மண்ணில் புதைந்த மரங்கள், வயதும் மிகக் குறைவு. கடல் விட்டுப்போன கல்லைத் தேடி வருபவர்கள் குறைவு. ஆனால் 1840-களிலேயே ஒரு தேடல் நடந்தது. சென்னை மாகாணத்தில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் பொறுக்கிய தொல்லுயிர் எச்சங்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் அவற்றை விவரித்து எழுதியது 1846-ல் வெளிவந்தது. நம் பக்கத்துப் பழைய கடல் அச்சில் ஏறிய ஆண்டு அது.

அதே 1846-ல்தான் லண்டனில் ஒரு பெண்மணி உயிருள்ள பவளத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. கோட்டக்குப்பத்தில் இருக்கும் நண்பன் ஒருவன் ஒருநாள் இரவு மெசேஜ் போட்டான்: “மச்சி, வீட்ல சின்னதா ஒரு ரீஃப் டேங்க் வைக்கலாம்னு இருக்கேன். என்னென்ன வாங்கணும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் கொடு.” லிஸ்ட் போடுவது எளிது. தொட்டி, உப்பு, பாறை, பம்பு, நுரைப்பான், விளக்கு, அளவுமானி. ஆனால் ஒவ்வொன்றையும் எழுதும்போது இது ஏன் பட்டியலில் இருக்கிறது, யார் இதை முதலில் சேர்த்தார்கள் என்று தோண்ட ஆரம்பித்தேன். சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு இந்த வியாதி உண்டு. பழைய கோடில் புரியாத ஒரு வரி இருந்தால் அதை அழிப்பதற்கு முன், எந்த விபத்துக்குப் பிறகு அந்த வரி எழுதப்பட்டது என்று பார்க்கத் தோன்றும். இந்தப் பட்டியலிலும் ஏறக்குறைய ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு விபத்து இருக்கிறது.

வேலைக்காரப் பெண்ணின் கைகள்

அன்னா தைன் என்ற அந்தப் பெண்மணியின் கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் உயர்பதவியில் இருந்தவர். 1846-ன் இலையுதிர் காலத்தில் டார்க்கீ என்ற கடற்கரை ஊரில் அன்னா சிறிய கல்பவளங்களைக் கண்டார். ஒரு ஜாடியில் கடல்நீரை நிரப்பி, பவளங்களை ஊசிநூலால் ஒரு பஞ்சுயிரியில் தைத்துத் தொங்கவிட்டு லண்டனுக்கு எடுத்துவந்தார். வண்டி குலுங்கும்போது அவை மோதி உடையக் கூடாது என்பதற்காக அந்தத் தையல்.

லண்டனில் கடல் இல்லை. சில முறை கடல்நீரை வரவழைத்துப் பார்த்தார், அது ஓயாத வேலையாக இருந்தது. பிறகு திறந்த ஜன்னலோரம் நின்று, தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்ற வைத்தார். டீக்கடை மாஸ்டர் டீ ஆற்றுவது போல, தினமும் அரைமணி முக்கால்மணி நேரம். ஊற்றியது பெரும்பாலும் வீட்டு வேலைக்காரப் பெண். அடுத்த ஆண்டு வசந்தத்தில் கடற்பாசிகளையும் சேர்த்தார். பவளங்கள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் உயிரோடு இருந்தன, குஞ்சும் பொரித்தன.

இன்று காற்றுப் பம்பு என்று ஐந்நூறு ரூபாய்க்குக் குறைவாகவே வாங்கிவிடுகிறோமே, அதன் முதல் வடிவம் பெயர் பதிவாகாத அந்தப் பெண்ணின் இரண்டு கைகள். கருவி என்பதே பல சமயம் யாரோ ஒருவருடைய கூலியில்லாத உழைப்புக்கு வந்த மாற்று. மீன்தொட்டி வரலாற்றுக்கும் அது பொருந்துகிறது.

அடுத்த சில ஆண்டுகளில் பிலிப் ஹென்றி காஸ் வருகிறார். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1853-ல் திறந்த மீன்வீட்டுக்கு உயிரினங்களைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் ஒருவர். 1854-ல் அவர் எழுதிய ‘தி அக்வேரியம்’ நூல்தான் அந்தச் சொல்லை நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் கொண்டுபோனது. புத்தகம் சக்கைப்போடு போட்டது. படித்தவர்கள் எல்லாம் வாளியோடு கடற்கரைக்கு இறங்கினார்கள். பாறைக் குட்டைகளில் இருந்த கடற்சாமந்திகளை உளியால் பெயர்த்து எடுத்தார்கள். பெரும்பாலானவை வீட்டுக்குப் போன சில நாட்களில் செத்தன. காஸின் மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் எழுதிய ‘ஃபாதர் அண்ட் சன்’ நூலில், அப்பாவின் புத்தகங்கள் கிளப்பிய மோகம் அந்தக் கடற்கரைகளைச் சூறையாடிவிட்டது என்று வருந்துகிறார். கடலை நேசித்து எழுதிய புத்தகமே கடலோரத்தை மொட்டையடித்தது. இந்தப் பொழுதுபோக்குக்குப் பிறக்கும்போதே ஒட்டிக்கொண்ட பாவம் இது. பட்டியலை எழுதும் யாரும் இதைக் கடந்துதான் போக வேண்டும்.

உப்பு

கடலுக்குப் பக்கத்திலேயே இருப்பவனுக்கு உப்பு எதற்கு, ஒரு கேன் எடுத்துப்போய் மொண்டுவந்தால் ஆயிற்றே என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. பதில் வடகிழக்குப் பருவமழையில் இருக்கிறது. கங்கையிலிருந்து காவிரி வரை நல்லதண்ணீர் கொட்டும் கடல் வங்காள விரிகுடா. மழைக்காலத்தில் நம் கரையோர மேல்நீரின் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவெளி ஏரியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கடலும் மழைநீரும் கலக்கும் அந்த ஏரி கோடையில் உப்பாகவும் மழைக்குப் பின் நன்னீராகவும் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே வாழும் உயிர்கள் அந்த மாற்றத்துக்குப் பழகியவை. பவளம் அப்படிப் பழகியதல்ல. அதற்கு லிட்டருக்கு 35 கிராம் என்ற அளவு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. போதாததற்கு ஊர்க்கழிவு கலக்கும் கரையோர நீரில் வேறு என்ன இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சரி, மரக்காணத்து உப்பைக் கரைத்தால்? ஊருக்கு வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் உப்பளங்கள். சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாடு இந்தப் பகுதிதான். அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. உப்பு வணிகரான உமணரின் வண்டிகளும் அந்தப் பாட்டில் உண்டு. இரண்டாயிரம் ஆண்டு உப்பு மரபு உள்ள இடத்தில் பாக்கெட் உப்பை இறக்குமதி செய்வது கேலிக்கூத்தாகத் தோன்றும். ஆனால் உப்பளம் செய்யும் வேலையைக் கவனியுங்கள். கடல்நீர் பாத்தி பாத்தியாக வற்றும்போது எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு படியும், அடுத்து ஜிப்சம், அதன் பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு. மக்னீசியமும் பொட்டாசியமும் மிஞ்சும் கசப்பு நீரில் தங்கிவிடும், அதை வடித்துவிடுவார்கள். நல்ல உப்பளக்காரரின் திறமையே, கடலிலிருந்து மற்றதையெல்லாம் பிரித்துவிட்டுச் சோடியம் குளோரைடை மட்டும் வாருவதில் இருக்கிறது. பவளத்துக்கு வேண்டியது அவர் ஒதுக்கிய அந்தச் சுண்ணாம்பும் மக்னீசியமும்தான்.

காஸ் இதை அப்போதே யோசித்திருந்தார். சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு (நம் ஊரில் பேதி உப்பு), மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என்று நான்கைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் பக்குவத்தை எழுதினார். இதை அறிவியலாக நிறுவியது சேலஞ்சர் கப்பல். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய அந்தக் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்துப் பார்த்தார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினாலும், உப்புகளுக்கு இடையிலான விகிதம் பெருங்கடல்களில் ஏறக்குறைய மாறுவதில்லை என்று 1884-ல் காட்டினார். இதன் பயன் நமக்கு நேரடியானது. சரியாகக் கலந்த உப்பு வாங்கினால், ஒரே ஒரு அளவை எடுத்து மற்றதையெல்லாம் ஊகித்துவிடலாம்.

அந்த ஒரே அளவைக்குத்தான் ரிஃப்ராக்டோமீட்டர். ஒரு சொட்டு நீர் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று பார்த்து உப்பைச் சொல்லும் கையடக்கக் கருவி. கடலோர இறால் பண்ணைகளில் புழங்குவதால் அந்தச் சாமான் கடைகளிலும் கிடைக்கும். மலிவான மிதவை மானியைவிட நம்பலாம், ஆனால் 35-க்கான சோதனை திரவத்தை வைத்து அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். நூறு லிட்டர் தொட்டிக்கு முதல் நிரப்பலில் மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் உப்பு ஆகும். பிறகு வாரம் பத்து லிட்டர் மாற்றினால் வாரத்துக்கு ஏறக்குறைய 350 முதல் 400 கிராம். கரைக்கும் தண்ணீர் போர்வெல் தண்ணீராக இருக்கக் கூடாது. நம் கடலோரத்தில் நிலத்தடி நீர் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆர்.ஓ. தண்ணீரை அயனி நீக்கும் குப்பியில் ஒருமுறை விட்டு, டி.டி.எஸ். மானி பூஜ்ஜியம் காட்டும்வரை வடிகட்டுவது முறை.

சம்ப்பு

தண்ணீரை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்டு என்பவர் லண்டனில் மீன்தொட்டிச் சாமான் கடை நடத்தியவர். ஹாம்பர்க், கிரிஸ்டல் பேலஸ் ஆகிய இடங்களின் பெரிய மீன்காட்சியகங்களில் வேலை செய்தார். பார்வைக்கு வைக்கும் தொட்டியைவிடப் பல மடங்கு பெரிய இருட்டுத் தேக்கத்தைத் தரைக்குக் கீழே கட்டி, அதிலிருந்து நீரை மேலே ஏற்றி இறக்கிச் சுழலவிட்டார். நீரின் அளவு கூடினால் எந்தத் தப்பும் மெதுவாகத்தான் பரவும் என்பது அவர் கணக்கு. தமிழ்நாட்டு வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கீழே சம்ப்பு, மேலே தொட்டி, நடுவில் மோட்டார். ரீஃப் தொட்டிக்காரர்களும் அடியில் வைக்கும் அந்த இரண்டாவது பெட்டியை சம்ப் என்றே சொல்கிறார்கள். நூறு லிட்டரில் தொடங்குபவருக்கு அது கட்டாயமில்லை, ஆனால் ‘சின்னத் தொட்டி சுலபம்’ என்ற நினைப்பு தவறு என்பதை லாய்டின் கணக்கு சொல்லிவிடுகிறது. இருபது லிட்டர் கண்ணாடிக் குடுவையில் ஒரு மீன் செத்தால் எல்லாம் சாகும். நூறு லிட்டரில் கண்டுபிடிக்க ஒருநாள் அவகாசம் கிடைக்கும். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி நூற்றிருபது லிட்டர் கொள்ளும். கல்லும் மணலும் போக நூறு மிஞ்சும். ஆரம்பிக்க அது நல்ல அளவு.

சென்னைக்கு இந்தக் கலை வந்தது எட்கர் தர்ஸ்டனால். தென்னிந்தியச் சாதிகள் குறித்த ஏழு தொகுதிகளால் அறியப்பட்ட அதே தர்ஸ்டன்தான். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தபோது மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு, கடல்வாழ் உயிர்கள் பற்றி 1890-லேயே எழுதியவர். பழைய சென்னைவாசிகள் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் விலங்குக் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்வார்கள். செத்த காலேஜின் தலைவர் மீன்களுக்கு ஓர் உயிர் காலேஜ் வேண்டும் என்று முன்வைத்த யோசனையால் மெரினா கடற்கரையில் மீன்காட்சியகம் எழுந்தது. 1909 அக்டோபரில் திறந்தார்கள். இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதல். இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது, அந்தப் பழைய பெருமையோடு திரும்ப எழவில்லை. மெரினாவில் காலாற நடப்பவர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

கல்

நண்பனின் பட்டியலில் மிகவும் சண்டை போட வைத்த வரி இதுதான்.

மீன் கழிவு அம்மோனியா ஆகும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அது ஓரளவு பரவாயில்லை. 1890 வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி இந்த பாக்டீரியாக்களைத் தனியே பிரித்துக் காட்டினார். ஆனால் இவற்றுக்கு வீடு வேண்டும் என்பதை மீன் வளர்ப்போர் புரிந்துகொள்ள வெகுகாலம் ஆனது. பவளத் தொட்டியில் அதை வாழ்ந்து காட்டியவர் ஒரு ஆசியர். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங், கடலிலிருந்து உயிர் ஒட்டிய கற்களை அப்படியே எடுத்துவந்து தொட்டியில் அடுக்கினார். மெல்லிய காற்றுக் குமிழ், வெயில், அவ்வளவுதான். வடிகட்டி எதுவும் இல்லை. அவருடைய பவளங்கள் வாழ்ந்தன. 1961-ல் ஓர் அமெரிக்க மீன் இதழில் இதை எழுதினார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் இதன் பொருளை முழுக்க உணர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. பெர்லின் நகர வளர்ப்பாளர்கள் அந்தக் கல்லோடு நுரைப்பானைச் சேர்த்ததைத்தான் இன்று உலகம் ‘பெர்லின் முறை’ என்கிறது. நுண்துளைகள் நிறைந்த கல்லின் மேற்பரப்பில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா, காற்றில்லாத உட்புறத்தில் நைட்ரேட்டைத் தின்னும் பாக்டீரியா. அந்தக் கல்தான் தொட்டியின் கல்லீரல்.

லீ சின் எங்குக்குக் கடல் வாசலில் இருந்தது, அவர் ஒருவர்தான் எடுத்தார். நமக்கு அந்த வசதி இல்லை, இருக்கவும் கூடாது. காரணத்தைத் தூத்துக்குடியில் கேட்க வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை 21 தீவுகள் என்று பழைய வரைபடங்கள் சொல்லும். இப்போது நீருக்கு மேல் 19. பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் மூழ்கிவிட்டன. அவற்றைச் சுற்றி அரணாக இருந்த பவளத்திட்டுகளை உடைத்து எடுத்ததே முக்கியக் காரணம். சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் வீடு கட்டவும் தோணி தோணியாக முருகைக்கல் போனது. தூத்துக்குடிக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஆண்டுக்குச் சுமார் 60,000 கன மீட்டர் வெட்டப்பட்டதாக மகாதேவன், நாயர் ஆகியோர் 1972-ல் மதிப்பிட்டார்கள். 1986-ல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001 ஜூலையில் கல்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், குழல்பவளம், நெருப்புப்பவளம், கடல்விசிறி ஆகியவையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே இடம். கடற்குதிரையும் கடல் அட்டையும் அதே ஆண்டில் சேர்ந்தன. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. செத்த பவளத்துண்டும் சட்டத்தின் பார்வையில் பவளம்தான். கடற்கரைக் கடையில் அலங்காரத்துக்கு விற்கும் வெள்ளைக் கல்லை வாங்கித் தொட்டியில் போடுவதும் குற்றம்.

அதனால் என் பட்டியலில் ‘லைவ் ராக்’ என்ற வரி இல்லை. சுட்ட களிமண்ணில் செய்த துளைக்கல்லோ, சிமெண்டும் மணலும் கல் உப்பும் கலந்து வார்த்த கல்லோ போதும். உப்பு கரைந்த இடத்தில் துளைகள் வரும். சிமெண்டுக் கல்லை வாரக்கணக்கில் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மாற்றி மாற்றிக் காரத்தை இறக்க வேண்டும். பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன் கிடையாது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி, பிறகு பூஜ்ஜியத்துக்கு இறங்குவதைச் சோதனைக் குப்பியில் பார்த்த பிறகுதான் முதல் உயிர். இந்தப் பொழுதுபோக்கில் மிக விலை உயர்ந்த சாமான் இந்த ஆறு வாரம்தான். எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஒரு வேடிக்கை. பவளத் தொட்டியில் கால்சியத்தை ஈடுகட்ட ஜெர்மானியர்கள் ஒரு வழி கண்டார்கள். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, தெளிந்த நீரை மட்டும் சொட்டுச் சொட்டாக விடுவது. கால்க்வாஸர் என்று உலகம் முழுக்க அதே ஜெர்மன் பெயரில் புழங்குகிறது. நம் பாட்டிமார் வெற்றிலைச் செல்லத்தில் வைத்திருந்த சுண்ணாம்பின் தெளிநீர்தான் அது. தூத்துக்குடியில் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினோம். இங்கே சுண்ணாம்பைக் கரைத்துப் பவளம் ஆக்கப் பார்க்கிறோம்.

நுரை, அலை, வெளிச்சம்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நுரைப்பான் 1960-களில் ஜெர்மனியில் மீன்தொட்டிக்கு வந்தது. கொந்தளிப்பான நாளில் கரையில் பழுப்பு நுரை ஒதுங்குமே, அதுதான் தத்துவம். உப்புநீரின் நுண்குமிழ்களில் புரதக் கழிவு ஒட்டிக்கொண்டு மேலே வரும். நூறு லிட்டரில் வாரம் பத்து சதவீத நீரை ஒழுங்காக மாற்றுபவருக்கு இது இல்லாமலும் ஓடும். அலை பம்பு கட்டாயம், மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல் இருபது மடங்கு நீரைத் தள்ளுவது போதும். விளக்கு எல்.இ.டி.தான். பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசி வெளிச்சத்தில் சமைத்துப் பவளத்துக்கு ஊட்டுகிறது, அதற்கு நீல ஒளி முக்கியம். அதிக விலை விளக்கு கல்பவளத்துக்குத் தேவைப்படும். நாம் அதை வளர்க்கப் போவதில்லை என்பதால் நடுத்தர விளக்கு போதும்.

சூடு

வெளிநாட்டு வழிகாட்டிகளில் கட்டாயம் இருப்பது ஹீட்டர். வானூரில் அது ஜோக். சித்திரையில் இங்கே அறையின் வெப்பமே 33, 34 டிகிரி. தொட்டிக்குத் தேவை 25 முதல் 27. பவளங்கள் தாங்கும் எல்லை ஏறக்குறைய 30-ல் முடிகிறது. அதற்கு மேல் சில வாரம் நீடித்தால் பவளம் தன் உள்ளே வாழும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் நடந்தது அதுவே.

நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மண்பானைத் தத்துவம். ஆனால் கடலோரக் காற்றில் ஈரம் கூடுதல், அதனால் கோயம்புத்தூரில் இறங்கும் அளவுக்கு இங்கே இறங்காது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். அதாவது ஃபேன் வைத்த தொட்டி ஒரு சின்ன உப்பளம். தினமும் குறையும் ஒன்றிரண்டு லிட்டரை நல்ல தண்ணீரால் ஈடுகட்டும் தானியங்கி மிதவை இதனால்தான் பட்டியலில் நுழைகிறது. ஒரு கருவி இன்னொரு கருவியைக் கூட்டிவரும். கடைசியில் சில்லர். 100 வாட் இழுக்கும் கருவி நாள் முழுக்க ஓடினால் 2.4 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 144 யூனிட். அரசு இலவசமாகத் தரும் நூறு யூனிட்டை இது ஒன்றே தின்றுவிடும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு நண்பன் ஒருநாள் முழுக்க பதில் போடவில்லை.

எனக்கு இந்த இடத்தில்தான் பட்டியல் வேறாகத் தெரிய ஆரம்பித்தது. நூறு லிட்டரை மூன்று டிகிரி குளிரவைக்க இவ்வளவு மின்சாரம். அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் வருகிறது. நெய்வேலி தொலைவில் இல்லை. நிலக்கரி கடலைச் சூடாக்குகிறது. மன்னார் வளைகுடாவுக்கு யாரும் ஃபேன் வைக்க முடியாது.

கரண்டு

எந்த வெளிநாட்டு வழிகாட்டியிலும் கடைசிப் பக்கத்தில் இருந்து, வானூரில் முதல் வரிக்கு வர வேண்டிய சாமான் ஒன்று உண்டு: பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு நாள்கணக்கில், சில இடங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. அப்படி ஒரு நாளில் அலை பம்பு நின்றால் தொட்டியின் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் இறங்கும். சூடான உப்புநீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. இன்வெர்ட்டரோடு இரண்டு பேட்டரிப் பம்புகள் கையிருப்பில் வேண்டும். அதுவும் தீர்ந்தால் மிஞ்சுவது அன்னா தைன் வீட்டு முறைதான்: ஒரு சொம்பு, இரண்டு கைகள்.

யாரைக் குடிவைப்பது

மீனில் கோமாளி மீன். அது இப்போது கடலிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறது. நமக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில், 1957-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையமும் செய்திருக்கிறது. பொரிப்பகத்தில் பிறந்த ஒரு ஜோடி போதும். பவளத்தில், அட்டவணையில் இல்லாத மென்வகைகள்: காளான் பவளம், தோல் பவளம், பொத்தான் போலக் கூட்டமாக வளரும் ஸோவாந்திட். கடைசியாகச் சொன்னதைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது, அதன் உறவினங்களில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. இவற்றையும் கடலில் பிடுங்கியவரிடம் வாங்காமல், தொட்டியில் வளர்த்துத் துண்டு போட்டவரிடம் வாங்க வேண்டும். பெர்லினைச் சேர்ந்த டீட்ரிச் ஸ்டூபர் 1980-களில் தன் தொட்டியில் வளர்த்த ஒரு பவளத்தின் துண்டுகள் கைமாறிக் கைமாறி ஐரோப்பா முழுக்கப் பரவின. நர்சரியில் செம்பருத்திக் குச்சி கேட்பது போல. காஸ் காலத்துப் பாவத்துக்குக் கண்டுபிடித்த ஒரே உருப்படியான பரிகாரம் இதுதான் என்று நினைக்கிறேன். விற்பவர் ‘வெளிநாட்டு அயிட்டம் சார்’ என்று சொன்னால் காகிதம் கேளுங்கள். 2022-ல் திருத்திய சட்டம் சர்வதேசப் பட்டியலில் உள்ள அயல் உயிரினங்களை வைத்திருப்பதைப் பதிவு செய்யச் சொல்கிறது.

இதே துண்டு போடும் வேலை கடலுக்குள்ளும் நடக்கிறது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, உடைந்த திட்டுகளில் சிமெண்டுச் சட்டங்களை இறக்கி அவற்றில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்க்கிறார்கள். சுருங்கிக்கொண்டே போன வான் தீவின் முன்னால் செயற்கைத் திட்டுகளும் போடப்பட்டன. தொட்டிக்காரர்கள் ஒன்றரை நூற்றாண்டு தட்டுத்தடுமாறிக் கற்றது அங்கே மாற்றுவேலைக்குப் போயிருக்கிறது. துண்டு ஒட்டுமா, எந்த வெப்பத்தில் வெளுக்கும், எவ்வளவு ஓட்டம் வேண்டும் என்ற கேள்விகள் இரண்டு இடத்திலும் ஒன்றே.

நண்பனுக்குக் கடைசியில் அனுப்பிய பட்டியல், வாங்க வேண்டிய வரிசையில்: பேட்டரிக் காற்றுப் பம்பு இரண்டு. ரிஃப்ராக்டோமீட்டர். சோதனைக் குப்பிகள். ஆர்.ஓ. தண்ணீருக்கு அயனி நீக்கும் குப்பி. இரண்டடித் தொட்டி. உப்பு. வார்த்த கல். அலை பம்பு. ஃபேனும் மிதவையும். ஆறு வாரம். பிறகு விளக்கு. பிறகு ஒரு ஜோடி கோமாளி மீன். மென்பவளம் அடுத்த ஆண்டு, கோடை ஒன்றைத் தாண்டிய பிறகு.

“இவ்வளவுமா? மீனே கடைசியில வருது?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். ரிஃப்ராக்டோமீட்டரை மட்டும் இப்போதைக்கு வாங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தந்திராயன்குப்பம் கரையில் ஒரு சொட்டு எடுத்து அளந்து, எண்ணை ஒரு நோட்டில் எழுதிவைக்கிறான். மழை தொடங்கியதும் எண் இறங்க ஆரம்பித்திருக்கிறது.